அளந்து போடுங்கள்!

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. அது பணத்துக்கு மட்டுமன்று, ஆன்டிபயாடிக் மருந்துக்கும் பொருந்தும் என்பேன்.

ஈ.கோலி, கிளெப்சியெல்லா ஆகிய பாக்டீரியாக்கள் நம் குடலில் வாழ்பவை. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியின் இரத்தத்தில் அவை புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவற்றுள் சில, மருந்தைச் சிதைக்கும் நொதிகளை உண்டாக்குகின்றன. செஃப்ட்ரயாக்சோன் போன்ற மருந்துகள் அவற்றிடம் பலிப்பதில்லை.

அப்போது எதைக் கொடுப்பது? இதை அறிய 2014 முதல் 2017 வரை ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், இத்தாலி முதலிய 9 நாடுகளில் 'மெரினோ' என்னும் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு மெரோபெனம் என்ற வலிய மருந்து. மறு பிரிவினருக்குப் பைப்பராசிலின்–டாசோபாக்டம். இம்மருந்துகளுக்குக் கிருமிகள் மடியும் என்று அந்தந்த மருத்துவமனை ஆய்வுக்கூடம் கூறியிருந்தது. ஆனால் 30 நாட்களுக்குள் முதல் பிரிவின் 191 பேரில் 7 பேர் இறந்தனர்; இரண்டாம் பிரிவின் 187 பேரில் 23 பேர்!

காரணம் என்ன? பின்னர் அக்கிருமிகளை மீண்டும் சோதித்தார்கள். இரண்டாவது மருந்துக்கு மடியும் என்று கருதப்பட்டவற்றில் ஒரு பகுதி உண்மையில் மடியாதவை! அவற்றை நீக்கிக் கணக்கிட்டபோது இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்தது. பௌதிகச் சோதனையில் அளவு பிழைத்தால் உங்களுக்கு மதிப்பெண் போகும். இங்கே போவது உயிர்.

"எல்லோருக்கும் மெரோபெனமே கொடுத்துவிடலாமே?" என்று கேட்பீர்கள். கூடாது. அதையும் சிதைக்கும் நொதிகள் வந்துவிட்டன. கண்டபடி கொடுத்தால் அத்தகைய கிருமிகளே பெருகும். அப்புறம், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய கொலிஸ்டினையும், விலைமிக்க சில புதிய மருந்துகளையுமே நாடவேண்டும்.

புதிய மருந்துகள் தேவைதான். அதைவிட அவசரமானது, ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் நம்பத்தக்க கிருமி ஆய்வுக்கூடம் என்பதே என் கருத்து. முதல் ஊசிக்கு முன்பே இரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பவேண்டும். அபாய நிலையில் மருந்தை உடனே தொடங்கலாம். முடிவு வந்ததும் ஏற்றதாக மாற்றலாம்.

உங்களில் பலர் டாக்டராக விரும்புவீர்கள். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து சரியாக அளப்பவரும் உயிர் காப்பவரே. ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்காதிருப்பதோ, நீங்கள் இன்றே தொடங்கக்கூடிய பணி!