ஆதாரம் கேட்பவர்கள் ஆவணத்தைத் திறக்கட்டும்

சண்டிகர் மாநகராட்சி மேயர் தேர்தல் 2024 ஜனவரி 30 அன்று நடந்தது. மொத்தம் 36 வாக்குகள். ஆம் ஆத்மி - காங்கிரஸ் கூட்டணிக்கு 20, பாஜக தரப்புக்கு 16 என்பது ஊரறிந்த கணக்கு. தேர்தலை நடத்திய அனில் மசிஹ், கூட்டணிக்கு விழுந்த எட்டு வாக்குகளைச் செல்லாதவை என்று ஒதுக்கிவிட்டு, 16-க்கு 12 என்ற கணக்கில் பாஜக வேட்பாளர் வென்றதாக அறிவித்தார். அவரே வாக்குச்சீட்டுகளில் பேனாவால் கிறுக்குவது அங்கிருந்த கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் வாக்குச்சீட்டுகளையே வரவழைத்துப் பார்த்தது. பிப்ரவரி 20 அன்று முடிவை ரத்து செய்து, ஆம் ஆத்மியின் குல்தீப் குமாரை மேயராக அறிவித்தது. மசிஹ் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது.

மூன்று வாரங்களில் ஒரு தேர்தல் மோசடி நிரூபணமானது. காரணம், புகாரில் ஆள் இருந்தார், இடம் இருந்தது, எண்ணிக்கை இருந்தது; அந்த எண்ணிக்கை முடிவையே மாற்றக்கூடியதாகவும் இருந்தது. இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது. காணொளியும் சீட்டுகளும் நீதிபதிகளின் கைக்கு எட்டின. இந்தக் கடைசி அம்சத்தைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

தேர்தல் மோசடி என்ற சொல் இன்று மலிந்துவிட்டது. தோற்றவர் சொன்னார் என்பதற்காக அதை நம்பவும் கூடாது. தோற்றவர்தானே சொல்கிறார் என்று தள்ளவும் கூடாது. சொல்பவரின் கட்சியைப் பார்க்காமல், அவர் சொல்வதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா, சோதனையில் தோற்றால் அவர் அதை ஏற்றுக்கொள்கிறாரா என்று பார்ப்பதே நேர்மையான அளவுகோல்.

அமெரிக்காவில் 2020 அதிபர் தேர்தலில் வெற்றி திருடப்பட்டது என்றார் டிரம்ப். அவர் தரப்பு தொடர்ந்த 60-க்கும் மேற்பட்ட வழக்குகள் எதுவும் முடிவை மாற்றவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ஏறத்தாழ 50 லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையாலேயே மறுபடி எண்ணினார்கள், பைடன்தான் வென்றிருந்தார். முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் காணவில்லை என்று டிரம்பின் சொந்த அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் டிசம்பர் 1 அன்றே சொல்லிவிட்டார். அரிசோனாவில் குடியரசுக் கட்சியின் செனட் உறுப்பினர்களே அமர்த்திய ஒரு நிறுவனம் மாரிகோபா மாவட்ட வாக்குகளை எண்ணியபோது, பைடனுக்கு 99 வாக்குகள் கூடின, டிரம்புக்கு 261 குறைந்தன. அந்த மோசடிப் புகாரைப் பரப்பியதற்காக வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியன் தொடுத்த அவதூறு வழக்கில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இத்தனைக்குப் பிறகும் புகார் ஓயவில்லை. ஒரு மாநிலத்தில் பொய்த்தால் இன்னொன்றுக்குத் தாவியது. எந்தச் சோதனைக்கும் கட்டுப்படாத அந்தப் புகாரை நம்ப இடமே இல்லை.

நம் நாட்டில் கேள்வி கேட்பவர்களை வாயடைக்க அந்த அமெரிக்கக் கதையை எடுத்துக்காட்டுகிறவர்கள் அதன் பாதியைத்தான் சொல்கிறார்கள். அங்கே பொய் பொய்யென்று நிறுவப்பட்டது, வாக்குச்சீட்டுப் பெட்டிகளைத் திறந்து, எண்ணிக் காட்டியதால். ‘எங்களை நம்புங்கள்’ என்று அதிகாரிகள் அறிக்கை விட்டதால் அல்ல.

இப்போது மகாதேவபுராவுக்கு வருவோம். பெங்களூரு மத்திய மக்களவைத் தொகுதியில் அடங்கிய அந்தச் சட்டமன்றத் தொகுதியில் மட்டும் 1,00,250 போலி வாக்குகள் இருந்ததாக 2025 ஆகஸ்ட் 7 அன்று ராகுல் காந்தி குற்றம்சாட்டினார். ஒரே ஆள் பல இடங்களில், இல்லாத முகவரிகள், ஒரே முகவரியில் ஏராளமானோர், அடையாளம் தெரியாத புகைப்படங்கள், புதிய வாக்காளருக்கான படிவம் 6-ஐத் தவறாகப் பயன்படுத்தியது என்று ஐந்து வகையாகப் பிரித்தும் காட்டினார். 2024 தேர்தலில் அந்த மக்களவைத் தொகுதியில் பாஜக வென்ற வித்தியாசம் 32,707 வாக்குகள்.

சோதிக்கக்கூடிய குற்றச்சாட்டு இது. ஆகவே மதிப்பளித்து விசாரிக்க வேண்டியது. ஆனால் அதன் இடைவெளிகளையும் சொல்லியாக வேண்டும். வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர் இருமுறை இருப்பது வேறு, அந்தப் பெயரில் இருமுறை வாக்கு விழுந்தது வேறு. கதவிலக்கம் இல்லாத வீடுகள் நம் நகரங்களில் தெருத்தெருவாக இருக்கின்றன. பட்டியலில் கதவிலக்கம் பூஜ்யம் என்று பதிவானவர் எல்லோரும் கற்பனை மனிதர்கள் ஆகிவிட மாட்டார்கள். உண்மையில் வாக்களிக்கப்பட்டிருந்தாலும் அது யாருக்குப் போனது என்று தெரியாதபோது, 32,707-ஐயும் 1,00,250-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘திருடப்பட்டது’ என்று முடிவுகட்ட முடியாது. பட்டியல் திருத்தத்தின்போது ஆட்சேபம் தெரிவிக்கக் கட்சிகளுக்கு வாய்ப்பு உண்டு. முடிவு வெளியான 45 நாள்களுக்குள் தேர்தல் வழக்குப் போடவும் வழி உண்டு. ஓராண்டு கடந்த பிறகு மேடையில் காட்டிய ஆவணத்துக்கு, உரிய காலத்தில் நீதிமன்றத்தில் வைத்திருந்தால் இருந்திருக்கக்கூடிய பலம் இல்லை. ஓட்டுச்சாவடி முகவர்களைத் தயார்படுத்தாத கட்சி, தோற்ற பிறகு தேர்தல் ஆணையத்தை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

பட்டியலில் உள்ள தவறு கள்ள ஓட்டாக மாறியதா என்பதைக் காட்டக்கூடியவை இரண்டு. வாக்களிக்க வந்தவர் கையெழுத்திடும் 17ஏ பதிவேடு ஒன்று, சாவடியின் சிசிடிவி பதிவு மற்றொன்று. இரண்டும் தேர்தல் துறையின் காவலில்தான் வைக்கப்படுகின்றன. ஆனால் ஆணையம் தந்த பதில், ‘கையெழுத்திட்டு உறுதிமொழி கொடுங்கள்’ என்பது. ஆதாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டே எதிராளியிடம் ஆதாரம் கேட்கும் இந்தப் போக்கை நாம் ஏற்க முடியாது.

சிசிடிவி உள்ளிட்ட மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்ப்பதற்கு இருந்த வழியை 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளில் விதி 93-ஐத் திருத்தி அடைத்தார்கள். 2025 மே மாதம், வழக்கு இல்லாவிட்டால் 45 நாள்களில் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையம் அறிவுறுத்தியது. வழக்குப் போட அவகாசம் 45 நாள், பதிவுக்கும் ஆயுள் 45 நாள்! வழக்குப் போடலாமா என்று தெரிந்துகொள்ளப் பதிவைப் பார்க்க வேண்டும். பதிவைப் பார்க்க வழக்குப் போட்டிருக்க வேண்டும். பெண் வாக்காளர்களின் அந்தரங்கம் கெடும் என்று ஆணையம் சொல்லும் காரணத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. அதற்கு நீதிமன்ற மேற்பார்வையில் பார்க்கச் செய்வது தீர்வு, அழிப்பது தீர்வல்ல.

திறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிஹார் சாட்சி. வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யாரை, ஏன் நீக்கினார்கள் என்று முதலில் சொல்லவில்லை. இறந்துவிட்டதாகக் குறிக்கப்பட்ட இருவரை அரசியல் செயற்பாட்டாளர் யோகேந்திர யாதவ் உச்ச நீதிமன்றத்துக்கே அழைத்துவந்து நிறுத்தினார். காரணத்தோடு முழு விவரத்தையும் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது; சில நாள்களிலேயே வெளியிடப்பட்டது. முன்பே செய்திருக்கலாமே!

மின்னணு வாக்கு இயந்திரத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். அதை ஊடுருவி எந்தத் தேர்தல் முடிவையும் மாற்றியதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 2009-ல் தோற்ற பாஜக தலைவர்கள் அதைச் சந்தேகித்தார்கள். இப்போது எதிர்க்கட்சிகள் சந்தேகிக்கின்றன. வென்ற மாநிலத்தில் மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. வாக்கைச் சரிபார்க்க இயந்திரத்தோடு இணைந்து அச்சாகும் விவிபாட் சீட்டுகள் அனைத்தையும் எண்ணக் கோரிய மனுக்களை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் தெரிந்ததே.

நீதிமன்றங்களுக்கும் பொறுப்புண்டு. 2016-ல் தமிழகத்தின் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் திமுகவின் அப்பாவு 49 வாக்குகளில் அதிமுகவின் இன்பதுரையிடம் தோற்றார். தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் இட்டதால் ஒதுக்கப்பட்ட 203 தபால் வாக்குகளும் கடைசி மூன்று சுற்றுகளும் வழக்காயின. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. 49 வாக்குகள் சரியா தவறா என்று அறிய அந்த ஐந்தாண்டுகளும் போதவில்லை. இது அப்பாவுவுக்கோ இன்பதுரைக்கோ மட்டும் நேர்ந்த அநீதியல்ல. வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் நேர்ந்தது.

விதி 93-ல் செய்த திருத்தத்தை அரசு திரும்பப் பெற வேண்டும். சாவடிப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிந்த இரவே முகவர்களிடம் தரப்படும் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யின் விவரத்தைச் சாவடிவாரியாக இணையத்தில் ஏற்ற வேண்டும். வாக்காளர் பட்டியலைக் கணினியில் தேடிச் சரிபார்க்கும் வடிவில் கட்சிகளுக்குத் தர வேண்டும். தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயலும்படி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. அதை உயர் நீதிமன்றங்கள் கெடுவாகவே கொள்ளட்டும். குற்றம்சாட்டும் கட்சிகள் எந்தச் சாவடி, எந்த வரிசை எண் என்று எழுதி 45 நாள்களுக்குள் நீதிமன்றப் படியேறட்டும்.