தண்ணீர் போன வழி

வீட்டுக்குள்ளேயே இருக்கும் திருடனைப் பிடிப்பது மகா கஷ்டம். பூட்டு உடைந்திராது; ஓடு பிரிந்திராது. ஆனால் பெட்டியிலுள்ள பணம் மட்டும் மாதா மாதம் குறைந்துகொண்டே வரும். லாரிக்காரர்களுக்கும் இப்படி ஒரு திருட்டு உண்டு. காலையில் புறப்படும்போது ரேடியேட்டர் வாய் வரை நிறைந்திருக்கும். 300 கிலோமீட்டர் ஓடி, வண்டி ஆறின பிறகு பார்த்தால் 2 லிட்டரைக் காணோம்! குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் சொட்டு ஈரம் கிடையாது.

“குறைந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் போச்சு! இதற்கு ஒரு கட்டுரையா?” என்று நேயர்கள் கேட்கலாம். பல பேர் செய்வதும் அதுதான். ஆனால் அப்படி ஊற்றுகிற பச்சைத் தண்ணீர் நோயை மறைக்கிறது. நோயாளியையும் மெல்ல மெல்லக் கொல்லுகிறது.

எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் செலவாகிற சரக்கு அல்ல. டீசல் எரியும், ஆயில்கூடச் சிறிது எரிந்து குறையும். தண்ணீரோ எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓயாமல் சுற்றிவர வேண்டியது. அது போகிறதென்றால், எங்கோ வழி இருக்கிறது என்றே அர்த்தம்.

முதல் சந்தேகம் மூடியின் மேல். வீட்டுப் பெண்மணிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. ஸ்பிரிங் வைத்த ரேடியேட்டர் மூடி செய்வதும் இதே வேலைதான். குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்தால் ஆவி போய் அடி பிடிக்கிறது அல்லவா? மூடியின் ரப்பர் தளர்ந்தாலும் அதே கதி. ஆவியாய்ப் போன தண்ணீருக்குத் தரையில் சாட்சி ஏது?

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒரு வயதான மேஸ்திரி, இந்த மாதிரி ஒரு வழக்கில் துப்புத் துலக்கிய கதையை என்னிடம் சொன்னார்.

வண்டிக்காரர் தாமே முதலாளி, தாமே டிரைவர். ஒரே லாரி, மாதம் பிறந்தால் கடன் தவணை. தண்ணீர் குறைகிறதென்று முதலில் வேறொரு பட்டறைக்குப் போனார். ரேடியேட்டரில் குமிழி குமிழியாய் வருவதைப் பார்த்த அங்கிருந்தவர்கள், “ஹெட் கேஸ்கெட் போயிட்டுது” என்று தீர்ப்புச் சொல்லி, எஞ்சின் தலையைக் கழற்றிப் புதுக் கேஸ்கெட் போட்டார்கள். நாலு நாள் வண்டி நின்றது. கைக்கு வந்த லோடு வேறொருவருக்குப் போயிற்று. மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. தண்ணீரும் முன்போலவே போய்க்கொண்டிருந்தது!

“எஞ்சினையே இறக்கி லைனர் எல்லாம் மாத்தணும்கிறாங்கண்ணா. இனி அடகு வைக்கத் தாலிக்கொடிதானுங்க பாக்கி” என்றார் அந்த மனிதர்.

“எஞ்சினை அப்புறம் பார்க்கலாம், தம்பி. இத்தனை நாளா உள்ளே என்ன ஊத்தினீங்க?”

“தண்ணிதானுங்க.”

“கூலன்ட்?”

“நம்ம ஊர்லே பனியாங்கண்ணா உறையுது, அதை வாங்கி ஊத்த?”

மேஸ்திரி சிரித்துக்கொண்டார். கூலன்ட்டுக்கு நிறம் உண்டு. அது கசிந்து காய்ந்த இடத்தில் பச்சையோ சிவப்போ கறை நிற்கும். வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றி, திருடனின் கால்சுவட்டை இவரே அழித்துவிட்டிருந்தார்!

முதலில் புதிதாய்ப் பச்சைக் கூலன்ட்டை நிரப்பி, மூடியையும் மாற்றினார் மேஸ்திரி. பிறகு, வண்டி ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடி தாங்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். சில ஹோஸ் கிளிப்புகள் குளிரில் கசியும். சூடேறினால் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஆகையால் சூட்டில் தேடினால் அகப்படாது. பம்பின் முள் மெதுவாய் இறங்கிற்று. ஆனால் ஹோஸ்களும் ரேடியேட்டரும் வாட்டர் பம்பின் அடித் துவாரமும் காய்ந்தே இருந்தன. ஆக, திருட்டு உள்ளேதான்.

உள்ளே போக முக்கியமான வழிகள் சில உண்டு. ஆயிலில் கலக்கலாம். ராத்திரி முழுதும் நின்ற வண்டியில், ஆயிலைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கும். சம்ப் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் முதலில் அதுவே வரும். மேஸ்திரி தளர்த்தினார், வந்தது சுத்தமான ஆயில். புகையோடு போகலாம். எஞ்சின் சூடேறின பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். அதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது அந்தக் குமிழி. அதைச் சோதிக்க ஒரு நீல மருந்து இருக்கிறது. எரிந்த வாயு பட்டால் நிறம் மாறிவிடும். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்த்தார். நீலம் நீலமாகவே இருந்தது. அப்படியானால் குமிழியில் வந்தது எஞ்சினுக்குள் எரிந்த வாயு அல்ல, வெறும் காற்று!

லாரியில் காற்றுக்கு வேறு என்ன வேலை? பிரேக்! பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸருக்கும் எஞ்சின் தண்ணீர்தான் குளிர்ச்சி தருகிறது. மேஸ்திரி கம்ப்ரஸருக்குப் போகும் தண்ணீர்க் குழாய்களைக் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து, சில நிமிஷம் மட்டும் எஞ்சினை ஓட்டினார். குமிழி நின்றுவிட்டது. குழாய்களைப் பழையபடி மாட்டி, பக்கத்து ஊர் வரை ஒரு நடை ஓட்டிவரச் சொன்னார். திரும்பியதும் ஏர் டாங்கின் அடியில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைப் பிடித்து, திருகைத் திறந்தார். தட்டில் விழுந்தது பச்சை நீர்!

கம்ப்ரஸரின் கேஸ்கெட்டில்தான் ஓட்டை. அதன் வழியே காற்று தண்ணீருக்குள் புகுந்தது. தண்ணீர் காற்று டாங்குக்குப் போயிற்று. டாங்கில் கொஞ்சம் ஈரம் சேருவது சகஜமாகையால், தினமும் அதை வடித்த டிரைவருக்குச் சந்தேகமே தோன்றவில்லை. நிறம் இருந்திருந்தால் முதல் நாளே தோன்றியிருக்கும். எஞ்சினை இறக்காமலே, ஒரு சின்னக் கேஸ்கெட்டோடு வழக்கு முடிந்தது. பிரேக் வால்வுகளுக்கு ஆகாத சரக்கு அவற்றுக்குள் போவதும் நின்றது. தாலிக்கொடி கழுத்திலேயே இருந்தது.

“பனியா உறையுது?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாமா? உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். பல லாரி எஞ்சின்களில், பிஸ்டன் ஓடும் லைனரின் வெளிப்புறத்தைத் தண்ணீர் நேராகத் தொடுகிறது. பிஸ்டன் பக்கவாட்டில் மோதும்போதெல்லாம் லைனர் அதிர்கிறது. அந்த அதிர்ச்சியில் தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி, உடனே உடைகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிற்றுளி அடி. நாளடைவில் இரும்பில் ஊசித் துளை விழுந்துவிடும். கூலன்ட்டிலுள்ள மருந்து லைனரின் மேல் மெல்லிய படலம் கட்டிக் காக்கிறது. பச்சைத் தண்ணீர் ஊற்ற ஊற்ற மருந்து நீர்த்துப்போகிறது. இப்படித்தான் சின்னக் கசிவு பெரிய செலவைக் கூட்டிக்கொண்டு வருகிறது. துளை வழியே பிஸ்டன் தலையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீரை நசுக்க முடியாத பிஸ்டன் தன் தண்டையே வளைத்துக்கொள்ளும்.

ஆகவே லாரிக்காரச் சகோதரர்களுக்கு மூன்று வார்த்தை. எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குறைந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். டாக்டரிடம் காட்டும் ஜுரக் கணக்கைப்போல் அது மேஸ்திரிக்கு உதவும். எஞ்சின் சூடாயிருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். செலவில்லாத சோதனை எல்லாம் முடிகிற வரையில் எஞ்சினைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கூலன்ட் பார்க்கச் சர்பத் போல இருக்கும், தித்திக்கவும் செய்யும். ஆனால் அதில் சேரும் எதிலீன் கிளைக்கால் கொடிய விஷம். மிச்சத்தைக் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்திருந்தால், இன்றே அப்புறப்படுத்துங்கள். குழந்தையின் கை அங்கே போய்ச் சேர அதிக நேரம் ஆகாது.