வானத்து இலக்கும் தரையின் இலக்கும்

சிறிய விமானப்படைக்கு வானத்திலே சுடும் பயிற்சி எதற்கு என்று கேட்போர் வன்னியிலே பலர். நாம் அப்பயிற்சி வேண்டாமென்று சொல்லோம். வயலிலே கிளி விரட்டிய உழவன் அறிவான்: பறவை நிற்கும் இடத்துக்கு எறிந்த கல் அதன் பின்னாலே போய் விழும், அது போகப்போகும் இடத்தைக் கணித்தே எறிதல் வேண்டும். விமானியின் பீரங்கிக்கும் விதி அதுவே. பழகினால் வரும், விட்டால் போகும். விமானங்கள் சிலவே உள்ள படைக்கு ஒரு கையும் பழகாதிருத்தல் ஆகாது.

2007 மார்ச் 26இல் புலிகளின் இலகு விமானங்கள் கட்டுநாயக்காவில் குண்டு வீசி வன்னிக்கு மீண்டன. அதன் பின்னரே, 2008இல், இடைமறிக்கும் எஃப்-7ஜி விமானங்கள் சீனாவிலிருந்து வந்தன. அதுவரை அப்படையின் குண்டுகள் பெரும்பாலும் விழுந்தது தரையிலே, அத்தரையோ நம்முடையது!

2006 ஆகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் 50க்கு மேற்பட்ட மாணவியர் மாண்டனர். பயிற்சி முகாம் என்றது அரசு. நேரில் சென்ற போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினர் அதற்குச் சான்று காணவில்லை. அங்கே விமானியின் குறி தவறவில்லை. அவ்விலக்கைக் குறித்துக் கொடுத்தவர் எவர்? இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

விமானிகள் கடல்மேல் எவ்வளவும் பழகட்டும். இலக்குகளைக் குறிப்போரின் கட்டளைகள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படல் வேண்டும். செஞ்சோலைக் கட்டளை முதலாவதாக.