கையெழுத்து போட்டாச்சு... இனி வெளியே வர முடியாதா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்குப் பழக்கமான சொல், ‘பாண்ட்’. இத்தனை வருஷம் இருக்கணும், நடுவில் போனால் இவ்வளவு பணம் கட்டணும் என்று எழுதி வாங்குவார்கள். ஆறே மாதத்தில் வேறு கம்பெனியில் நல்ல சம்பளத்துக்கு ஆஃபர் வரும்போதுதான், ‘இதை கேன்சல் பண்ண முடியுமா?’ என்ற கேள்வி எழுகிறது.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, இதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

முதலாவது, தொடக்கத்திலிருந்தே செல்லாத ஒப்பந்தம். 18 வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்து, சட்டவிரோதமான காரியத்துக்கான உடன்படிக்கை ஆகியவை இந்த வகை. இதை யாரும் ரத்து செய்யவே தேவையில்லை.

இரண்டாவது, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யக்கூடியது. மிரட்டியோ, ஏமாற்றியோ, தவறான தகவல் சொல்லியோ கையெழுத்து வாங்கியிருந்தால் இந்த உரிமை உண்டு. ஆனால், ‘படிக்காமல் போட்டுட்டேன்’ என்பது பொதுவாக எடுபடாது.

மூன்றாவது, முழுக்கச் செல்லுபடியாகும் ஒப்பந்தத்தை ஒரு தரப்பு முடித்துக்கொள்வது. இதன் வலி ஸ்ரீபெரும்புதூருக்கு நன்றாகத் தெரியும். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கால் இங்கிருந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாஃப்டுக்கு கைபேசி தயாரித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தில்தான் ஆலை ஓடியது. அதை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதும், 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தம் போடும்போதே எப்படி வெளியேறுவது என்பதையும் பேசிவிடுகின்றன. வேலைக்குச் சேரும் இளைஞருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்து போடுவதோடு சரி.

பாண்ட் விஷயத்தில் நீதிமன்றம் என்ன சொல்கிறது? மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே 14-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, ‘பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிக்காது’ என்று நண்பர்கள் சொல்வதை நம்பி வேலையை விடுவது ஆபத்து.

அதற்காக, எந்தத் தொகை எழுதியிருந்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அந்த வழக்கில் விலகியவர் நல்ல சம்பளம் வாங்கிய அதிகாரி. ராஜினாமா செய்யவே முடியாத அளவுக்கு அந்தத் தொகை பெரிதல்ல என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த டிரெய்னிக்கு அதே கணக்கு பொருந்த வேண்டும் என்பதில்லை. சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, எழுதிய தொகை என்பது உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டையே கேட்க முடியும். ‘விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது’ என்ற நிபந்தனை 27-வது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால், நிறுவனத்தின் தொழில் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை செல்லும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. கையெழுத்திட்ட சில நாட்களுக்குள் எதையும் ரத்து செய்யலாம் என்று நினைக்கிறார்கள். இன்சூரன்ஸ் பாலிசிக்கு 30 நாள் அவகாசம் இருப்பது உண்மை. எல்லா ஒப்பந்தங்களுக்கும் அப்படியொரு பொது விதி கிடையாது.

பயிற்சிக்கு உண்மையாகவே செலவு செய்யும் நிறுவனம் அதைத் திரும்பக் கேட்பதில் தவறில்லை. அப்படியென்றால் அந்தச் செலவுக் கணக்கை ஒப்பந்தத்திலேயே காட்ட வேண்டும். நிபந்தனைகளைத் தமிழிலும் கொடுக்க வேண்டும். சேரும் நாளில் அவசரமாக நீட்டாமல், ஆஃபர் லெட்டருடனே அனுப்பி, படிக்க நேரம் தர வேண்டும். இதைத் தொழிலாளர் துறை கட்டாயமாக்கினால், பாதிப் பிரச்சினை கோர்ட் வாசலுக்கே வராது.

அதுவரை, பேனாவை எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: எத்தனை மாதம், எவ்வளவு தொகை, எத்தனை நாள் நோட்டீஸ். பிறகு, கையெழுத்திட்ட ஒரு பிரதியை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.