பன்னண்டாம் நம்பர் வட்டும் நம்ம அப்பாமாரும்

நேரா விசயத்துக்கு வந்துடறேன் மக்களே. டிஸ்க் கோல்ஃப் ஆடலாம்னு கிளம்பற நம்ம ஆளுக, கடைக்குள்ள போனதும் கை வைக்கறது ஷெல்ஃபுல இருக்கறதுலயே வேகமான வட்டு மேலதான். பன்னண்டு, பதிமூணுன்னு நம்பர் போட்ட டிரைவர். தனக்கு ஒண்ணு, பத்து வயசுப் பிள்ளைக்கு ஒண்ணு. நாலு வாரம் கழிச்சுப் பாத்தா ரெண்டும் கார் டிக்கியில கெடக்கும். கேட்டா, "அது நமக்கு செட் ஆகலைங்க"ன்னு பதில். செட் ஆகாதது ஆட்டம் இல்லைங்க, நீங்க வாங்குன வட்டு. அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச்னு ஒரு சாதி வட்டு இருக்கு. அதைத்தான் வாங்கியிருக்கணும். அதுக்காகச் சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு முன்கதை. கோல்ஃப் மாதிரியேதான் இதுவும். பந்துக்குப் பதிலா வட்டு, குழிக்குப் பதிலா சங்கிலி தொங்கற இரும்புக் கூடை. எத்தனை கம்மி எறியில கூடைக்குள்ள போடறீங்களோ அத்தனை கெட்டி. 1975-ல கலிபோர்னியாவுல ஓக் குரோவ் பூங்காவுல முதல் நிரந்தர மைதானத்தை அமைச்சவர் எட் ஹெட்ரிக். சங்கிலிக் கூடையும் அவர் கண்டுபிடிச்சதுதான். 1976-ல பிடிஜிஏ சங்கத்தை ஆரம்பிச்சு வச்சதும் அவரே. 2002-ல அவர் இறந்தப்போ, அவர் ஆசைப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்ல கலந்து வட்டு வார்த்தாங்க. ராமேஸ்வரம் போய்க் கரைக்கற நமக்கே கொஞ்சம் திக்குன்னுதான் இருக்கு :-)

நான் பொட்டி தட்டறது வட கரோலினாவுல, சார்லட் பக்கம். இங்க திரும்பின பக்கமெல்லாம் பைன் காடு, காட்டுக்குள்ள கூடை. தெற்கால கொஞ்ச நேரம் ஓட்டினா ராக் ஹில், அங்க வின்த்ராப் பல்கலைக்கழகத்துல 1999-ல ஆரம்பிச்ச அமெரிக்க சாம்பியன்ஷிப் போட்டி ரொம்பப் பேர் போனது. பெரும்பாலான மைதானங்களுக்குக் கட்டணம் கிடையாது. மெம்பர்ஷிப் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது. பத்துப் பதினஞ்சு டாலர் வட்டு ஒண்ணு கையில இருந்தா குடும்பமே அரை நாள் நடக்கலாம். பிள்ளைங்களை ஒவ்வொரு கிளாஸுக்கும் ஏத்தி எறக்கியே வாரக்கடைசியைத் தொலைக்கற நமக்கு இதைவிட என்ன வேணும்? அப்படி ஒரு நல்ல விசயத்தைத் தப்பான வட்டால கெடுக்கறோமேங்கறதுதான் என் ஆத்தாமை.

இப்ப அந்த நம்பர் சமாச்சாரம். பெரும்பாலான கோல்ஃப் வட்டுக்கு நாலு எண் உண்டு. முதல் எண் வேகம், ரெண்டாவது மிதப்பு, மூணாவது வேகமா போறப்ப எந்தப் பக்கம் சாயும்ங்கறது, நாலாவது வேகம் கொறஞ்சதும் எவ்வளவு திரும்பி விழும்ங்கறது. இன்னோவா கம்பெனியோட டெஸ்ட்ராயர் 12, 5, -1, 3. ஸ்டிங்ரே 4, 5, -3, 1. டிஸ்க்ராஃப்ட்டோட மீட்டியார் 5, 5, -3, 1. மூணாவது எண் மைனஸ்ல கீழ போகப் போக வட்டு அண்டர்ஸ்டேபிள். வலது கைக்காரர் பேக்ஹேண்ட்ல எறிஞ்சா அது முதல்ல வலப்பக்கம் சாயும். நாலாவது எண் பெருசானா கடைசியில இடப்பக்கம் பலமா இழுத்துட்டு விழும். இடது கைக்காரங்க எல்லாத்தையும் கண்ணாடியில பாத்த மாதிரி மாத்திப் படிச்சுக்கங்க.

ஏன் அப்படிச் சாயுதுன்னு கேட்டா, பம்பரம் விட்டவங்களுக்கு இது சுலபமா புரியும். சுத்தற பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினா, தள்ளின பக்கம் சாயாம அதுக்குக் குறுக்கால சாயும். வட்டும் ஒரு பறக்கற பம்பரம்தான். வேகமா போறப்ப காத்து அதோட பின்பாதியைத் தூக்குது, மூக்கு கீழ அமுங்கப் பாக்குது. சுத்தற பொருளானதால மூக்கு அமுங்கறதுக்குப் பதிலா வட்டு வலப்பக்கம் சாயுது. வேகம் கொறைஞ்சதும் காத்து முன்பாதியைத் தூக்குது, வட்டு இடப்பக்கம் சாயுது. ஒவ்வொரு வட்டோட விளிம்பையும் இந்த ரெண்டு சாய்வுக்கும் ஒரு கணக்கு வச்சுத்தான் வார்க்கறாங்க.

ஆட்டத்தோட சூட்சுமமே இங்கதான். பன்னண்டுன்னு போட்டிருக்கறது வட்டு உங்களுக்குக் குடுக்கற வேகம் இல்லைங்க. நீங்க வட்டுக்குக் குடுக்க வேண்டிய வேகம். அந்த வேகத்தைக் குடுத்தாத்தான் முதல் பாதிச் சாய்வே நடக்கும். சுமார் 100 மீட்டர் சுளுவா எறியற கைக்குத்தான் அந்த வட்டு மசியும். புதுசா வந்தவர் எறிஞ்சா வட்டுக்கு மெதுவான பாதி மட்டும்தான் தெரியும். கை விட்டு வெளிய போனதும் இடப்பக்கம் மடங்கி புதருக்குள்ள பொத்துன்னு விழும். எத்தனை பலமா எறிஞ்சாலும் அதே புதர். அது மட்டுமில்ல, டிரைவரோட விளிம்பு 2 சென்டிமீட்டருக்கு மேல அகலம். சின்னப் பிள்ளை விரல் அதைச் சுத்திப் பிடிக்கவே முடியாது. மிட்ரேஞ்ச் விளிம்பு அதுல பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம், சின்னக் கைக்கும் அடங்கும்.

அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்சை எறிஞ்சு பாருங்க. மெதுவான கையில அது நேரா போகும். இன்னும் கொஞ்சம் வேகம் குடுத்தா வலப்பக்கம் நெளிஞ்சு போகும். வெளி விளிம்பைக் கொஞ்சம் கீழ சாச்சு எறிஞ்சா, எந்திரிச்சு மட்டமாகி அம்பு மாதிரி போகும். இதுக்கு ஹைசர் ஃப்ளிப்னு பேரு. மரத்துக்கு நடுவால ஆறடிச் சந்துல போகறதுக்கு இதை மிஞ்சின எறி இல்ல. இன்னும் திருப்பினா தரையில விளிம்பு பட்டு உருண்டே போகும். நுங்கு வண்டி ஓட்டின ஊர்க்காரனுக்கு அந்த உருட்டைப் பாத்தா வர்ற சந்தோசம் தனி. ஒரே வட்டுல நாலு வித்தை.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்லுதுன்னு பாப்போம்.

ஒண்ணு: "சுலபமான வட்டு தப்பை மறைச்சுடும், கஷ்டமானதுலயே பழகணும்." உண்மை தலைகீழுங்க. தப்பை மறைக்கறது ஓவர்ஸ்டேபிள் வட்டுதான். மணிக்கட்டைத் திருப்பி, வட்டை ஆட்டி எறிஞ்சாலும் அது இடப்பக்கமேதான் விழும், நல்லா எறிஞ்சாலும் அங்கயேதான். பிள்ளைக்கு எது சரி எது தப்புன்னு எப்படித் தெரியும்? சரி பண்றேன்னு வட்டை வலப்பக்கம் சாச்சு, தோளைப் பிதுக்கி எறியப் பழகுவான். அப்புறம் அந்தப் பழக்கத்தை மாத்தறதுக்குள்ள தாவு தீந்துரும். அண்டர்ஸ்டேபிள் வட்டு பொய் சொல்லாது. ஆட்டி எறிஞ்சா உடனே கவுந்துரும். சுத்தமா எறிஞ்சா நேரா போகும். வாத்தியார் இல்லாம பழகறவனுக்கு அந்த வட்டுதான் வாத்தியார்.

ரெண்டு: "பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் டிரைவர்தானே எறியறாங்க?" எறியறாங்க. 2016-ல நெவாடா பாலைவனத்துல டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் காத்தோட சேத்து 338 மீட்டர் எறிஞ்சது டிரைவர்லதான். அவர் கை உங்களுக்கு இருந்தா நீங்களும் வாங்கிக்கங்க, நான் குறுக்க நிக்கலை. ஆனா 2021-ல யூட்டா மாநிலம் ஆக்டன்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்பை யாரும் மறக்க முடியாது. கடைசிக் கூடை, பால் மெக்பெத் ஒரு எறி முன்னால. ஜேம்ஸ் கான்ராட் 247 அடி, அதாவது 75 மீட்டர் தூரத்துல இருந்து நேரா கூடைக்குள்ள போட்டு சமன் பண்ணி, கூடுதல் ஆட்டத்துல ஜெயிச்சார். அந்த எறி எறிஞ்சது மிட்ரேஞ்சை விட மெதுவான பட்டர் வட்டுல. உலகப் பட்டத்தையே மெதுவான வட்டு முடிவு பண்ணுது, நம்ம ஏரியா பூங்காவுல நமக்கு எதுக்குங்க பன்னண்டு?

மூணு: "எதிர்காத்துல அந்த வட்டு கவுந்துரும்." இது நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன். எதிர்காத்துல வட்டுக்கு வேகம் கூடின மாதிரி ஆகுது, வலப்பக்கம் சாயறது அதிகமாகும். ஆனா காத்தைப் பத்தி என்கிட்டயா சொல்றீங்க? நான் வடகரப்பதிக்காரன். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையில்லாத பாலக்காட்டுக் கணவாய், அதோட கெழக்கு வாசல்ல இருக்கற ஊரு. ஆனி ஆடியில மேக்கால இருந்து ஒரு காத்து, மார்கழி தையில கெழக்கால இருந்து இன்னொரு காத்து. பனைமரமே படுத்து எந்திரிக்கும்.

எங்கம்மா விசிட்டர் விசாவுல வந்திருந்தப்ப ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அறுபது தாண்டின கை. மீட்டியார் வட்டு ஒண்ணைக் குடுத்தேன். ரெண்டு எறி கவுந்துச்சு. மூணாவதுக்கு அம்மாவே சொல்லுச்சு, "காத்து எதுக்கால வருதல்ல கண்ணு, சாச்சுல்ல உடோணும்." சாச்சு விட்டுச்சு, வட்டு எந்திரிச்சு மட்டமா போச்சு. ஹைசர் ஃப்ளிப்புங்கற வார்த்தையே அதுக்குத் தெரியாது. நாப்பது வருசம் களத்துல நின்னு சோளமும் நெலக்கடலையும் காத்துல தூத்தின கைக்கு, முறத்தை எந்தக் கோணத்துல புடிக்கணும்னு தெரியும். அதே கையில பன்னண்டாம் நம்பரைக் குடுத்திருந்தா "எனக்கு வேண்டாஞ் சாமி"ன்னு பெஞ்சுல உக்காந்திருக்கும். ரொம்பப் பெருங்காத்துன்னா ரோக் மாதிரி திடமான வட்டு ஒண்ணு கூட வச்சுக்கங்க, யாரு வேண்டாம்னா?

இப்ப நெசமான கோவத்துக்கு வர்றேன். எங்க பக்கம் நாலஞ்சு தமிழ்க் குடும்பம் சேந்து ஆடினோம். ஒரு வீட்டுப் பொண்ணு, பதினோரு வயசு. அவ அப்பா வாங்கித் தந்தது 175 கிராம் டிரைவர். எறிய எறியப் புதருக்குள்ள போச்சு. அப்பா எல்லார் முன்னாடியும் சொன்னது, "கையில பலமே இல்ல, ஒழுங்கா சாப்பிட்டாத்தானே." நான் என் பையில இருந்த 150 கிராம் ஸ்டிங்ரேயை நீட்டினேன். "வேண்டாங்க, ஈசியா குடுத்துப் பழக்கக் கூடாது"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வரலை. அவங்கம்மாவும் வரலை. கடைசியில ஆம்பளைங்க நாலு பேர் மட்டும் புதர் புதரா வட்டு தேடிட்டு இருந்தோம்.

பலம் இல்லைன்னு அந்தக் கொழந்தைக்கு யாரு சொன்னது? பிளாஸ்டிக்ல வார்த்த ஒரு எண் சொல்லுச்சு, அதை அப்பா வாய்விட்டுச் சொன்னார், அவ நம்பிட்டா. இதேதான் நாம எல்லாத்துலயும் பண்றோம். மூணாம் கிளாஸ் பிள்ளைக்கு அஞ்சாம் கிளாஸ் கணக்கு, சரளி வரிசை முடியறதுக்குள்ள வர்ணம். பெருசா குடுத்தா பெருசா வருவாங்கன்னு ஒரு நம்பிக்கை. கடல் தாண்டி வந்தவங்க நாம, ஏணியில ஒரு படி விட்டாலும் விழுந்துருவோம்ங்கற பயம் எனக்கும் புரியுது. ஆனா முடியாத வேகத்தைக் கையில திணிச்சுட்டு, முடியலைன்னு பிள்ளையைக் கொறை சொல்றதுக்குப் பேரு வளர்ப்பு இல்லைங்க.

ஆக, வாங்கறவங்களுக்கு என் ரோசனை. ஸ்டிங்ரே, மீட்டியார், வெஸ்ட்சைடோட டுர்சாஸ், இதுல ஏதாவது ஒண்ணு. பெரியவங்களுக்கு 165-ல இருந்து 175 கிராம், பிள்ளைங்களுக்கு 150 கிராம் ஒட்டி. விலை கம்மியான சாதா பிளாஸ்டிக்கே போதும். அது மரத்துல அடிபட அடிபட இன்னும் அண்டர்ஸ்டேபிளா ஆகும், அதுவும் நமக்கு லாபம்தான். கூட ஒரு பட்டர். ஒரு வருசத்துக்கு இந்த ரெண்டு வட்டு போதும். பிள்ளை எறியறது 80, 90 மீட்டர் தாண்டிச்சுன்னா ஏழாம் நம்பர் வட்டு வாங்கிக் குடுங்க. பன்னண்டு எங்கயும் ஓடிப் போகாது, கடையிலயேதான் இருக்கும்.

முக்கியமா, முதல் வட்டைத் தங்கமணி கையிலயும் குடுங்க, ஊர்ல இருந்து வந்திருக்கற அம்மா அப்பா கையிலயும் குடுங்க. எல்லாரும் சேந்து நடக்கத்தான் இந்த ஆட்டம். தூரம் எறியறதுக்குப் பாலைவனம் இருக்கு.

டிஸ்கி: வட்டுக்கு அடியில பேரும் போன் நம்பரும் எழுதி வைங்க. தொலைஞ்ச வட்டை எடுத்தவங்க கூப்பிட்டுத் திருப்பிக் குடுக்கற நல்ல பழக்கம் இந்த ஆட்டத்துல இருக்கு. கார் டிக்கியில கெடக்கற டிரைவருக்கும் எழுதி வைங்க, பத்து வருசம் கழிச்சு உங்க பொண்ணு கேப்பா :-)