அபராதம் போடுவதற்கு முன் பட்டியலைப் பாருங்கள்



நம் குடும்பக் குழுவில் இரண்டு நாளாக ஒரே சூடு. உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடாதவருக்கு அபராதம் போடு, ரேஷன் கார்டை நிறுத்து என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் கைதட்டியிருக்கிறீர்கள். பழைய மாணவர் குழுவிலும் அதே பாட்டு. நான் இதை ஏற்க மாட்டேன்.

குஜராத்தில் உள்ளாட்சிக்குக் கட்டாய ஓட்டு என்று சட்டமே கொண்டு வந்தார்கள். 2015-இல் உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. அரிசியைக் காட்டி மிரட்டி வாங்கும் ஓட்டு யாருக்கு வேண்டும்?

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. நகர்ப்புறத் தேர்தல். மாநிலம் முழுவதும் 60 சதவீதத்துக்குச் சற்று மேல், சென்னையில் 43.59 சதவீதம்தான். 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தலில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வந்தார்கள். கிராமத்து அண்ணன் பொறுப்பானவர், பட்டணத்துத் தம்பி சோம்பேறி என்று சொல்லலாமா? இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே!

ஊரில் அண்ணன் நான்கு ஓட்டுப் போடுகிறார். வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறச் சீட்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட எது தலைவருக்கு, எது வார்டுக்கு என்று தெரிந்து குத்துவார். நிற்பவர் யார், அவர் தாத்தா யார் என்பது வரை அத்துப்படி. தம்பியோ மூன்று முறை வாடகை வீடு மாறியவர். குடித்தனம் பெருங்குடியில், பெயர் இன்னும் விருகம்பாக்கத்தில். சிலருக்குப் பெயர் ஊரிலேயே இருக்கிறது. உள்ளாட்சிக்கும் சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். வீடு மாறிப்போனவர், இறந்துபோனவர் எல்லாம் அதில் இருந்தால் அத்தனை பேரும் "ஓட்டுப் போடாதவர்" கணக்கில்தான் வருவார்கள். முதலில் அபராதம் யாருக்கு? இறந்தவருக்கா?

அடுத்து அரசாங்கம். ஐந்து வருடத்துக்கு ஒரு தேர்தல் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. 2011-க்குப் பிறகு 2016-இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நகரங்களுக்கு 2022-இல்தான் வந்தது. 2012-இல் 18 வயதானவர் கவுன்சிலருக்கு முதல் ஓட்டுப் போடும்போது கிட்டத்தட்ட 28 வயது. 2019-இல் சென்னை தண்ணீருக்கு அலைந்தபோதும், 2020-இல் கொரோனா வந்தபோதும் கேட்பதற்கு ஒரு கவுன்சிலர் இல்லை. 2019-இல் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளிலும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். ஆளும் கட்சி மாறினாலும் இந்த வழக்கம் மாறவில்லை. தேர்வே வைக்காத பள்ளியில் பிள்ளை படிக்கவில்லை என்று அடிப்பது என்ன நியாயம்?

அதற்காக உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். "கவுன்சிலர் யார் வந்தால் என்ன சார்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 2022-இல் தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. அதற்கான தீர்மானம் மன்றங்களில்தான் வந்தது. அங்கே கை தூக்கியவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

வீடு மாறியவர்கள் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றுங்கள். செல்போனிலேயே செய்யலாம். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் ஓர் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள். நிரப்பத் தெரியாதவர்கள் சாயங்காலம் 5 மணிக்கு மேல் எனக்குப் போன் செய்யலாம்.