தாய்மார் குழுவுக்குப் போனால் அரைப்பேரா?

கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கிறார்கள், அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். புள்ளி கீழே இறங்கியிருந்தால் “நல்ல சாப்பாடு கொடுங்கம்மா” என்று ஒரு சொல். தாயும் தலையை ஆட்டிவிட்டு லயத்துக்குத் திரும்புகிறாள். விடியற்காலையில் எழும்பி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடி, பொழுது சாயக் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவள் எதை, எந்த நேரத்தில் கொடுப்பாள்? அதை அவளோடு உட்கார்ந்து பேச ஆளில்லை.

2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் அது 31.7 வீதம். வெறும் தேத்தண்ணியோடு முதலாம் வகுப்புக்கு வந்து பத்து மணிக்கே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளைப் பார்க்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

பேச ஆள் வேண்டும் என்றுதான் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் வந்தன. 1956இல் அமெரிக்காவில் ஏழு தாய்மார் பாலூட்டுவதைப் பற்றித் தங்களுக்குள் பேசத் தொடங்கியது உலகமெங்கும் பரவியது. 1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இப்படியான குழுக்களை ஊக்குவிக்கும்படி ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லின. நம் நாட்டில் சுகாதார மேம்பாட்டுப் பணியகம் இவற்றை வளர்த்து வருகிறது. குழுவில் இருப்பது நம்மைப் போன்ற தாய்மார்தான், சம்பளமில்லை, சந்தாவுமில்லை.

அடுத்த கிளினிக் நாளில் மிட்வைஃப் அம்மாவிடம் “எங்கள் டிவிஷனுக்குக் குழு இருக்கிறதா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் நாலைந்து பேர் சேர்ந்து “நாங்கள் வருகிறோம், தொடங்கித் தாருங்கள்” என்று சொல்லுங்கள். சிங்களம் தெரிந்த ஒரு தங்கச்சியைச் சேர்த்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீரும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறாள் என்று அங்கே யாரும் யாரையும் கேட்க வேண்டாம். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும் லயத்தில் வீட்டுக் கதையைச் சொல்லப் பயம் இருக்கும்; குழுவில் பேசியது வெளியே போகாது என்று முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். தாய் கொழும்புக்கோ குவைத்துக்கோ போன வீட்டில் பிள்ளையை வளர்க்கிற அம்மாயியைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.

அப்பாமாரே, பெயரில் தாய் இருக்கிறது என்று ஒதுங்காதீர்கள். கவ்வாத்து, முள்ளுக்குத்து என்று கணக்கு வேலை முடித்துப் பகலோடு வீடு திரும்புகிறவர்களுக்கு நேரம் இருக்கிறது. அவளுக்குத்தான் இல்லை.

இங்கேதான் சங்கத்தின் வேலை. கூட்டம் வைப்பது அநேகமாக வேலை நாளில், காலை நேரத்தில். போனால் அரைப்பேர் போகும். அரைப்பேர் போனால் யார் போவார்கள்? 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அந்த நேரமும் வேலை நேரமாகவே கணக்காகும். மாதம் ஒரு தடவை குழுவுக்குப் போகிற நேரத்தையும் அப்படியே கணக்கெடுக்கச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் தலைவிமாரும் இந்த மாதமே துரையிடம் இதைப் பேச வேண்டும். எந்த டிவிஷனில் குழு இருக்கிறது, எதில் இல்லை, கூட்டத்துக்குப் போன யாருடைய பேர் வெட்டப்பட்டது என்பதை எழுதி, அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.